கஞ்சி போட்ட பாத்தி

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். விடிகாலைப் பனி விட்டு, வெயில் இன்னும் கடுக்காத அந்த இரண்டு வாரத்தில் எனக்குத் தோட்டக்காரன் ஆகும் ஆசை வந்தது. ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவனுக்கு மண்ணோடு உள்ள உறவு, காலைத் தொங்கப்போட்டு உட்காரும் தறிக்குழியோடு சரி. நான் மண்வெட்டி பிடித்த அழகைப் பார்த்துவிட்டு ஆறு வயது மகள், "நைனா, நீ தலைகீழா புடிச்சிகினு கீற," என்றாள். நான்கு வயது மகன் கைதட்டினான்.

இடம், பின்பக்கம் கிணற்றடியை ஒட்டி ஒரு பாய் அளவு. அங்கே துவைக்கிற கல் போடவேண்டும் என்று மனைவி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவள் புடவையைப் பிடித்துத் தொங்கி அழுததில் ஒரு வாரம் தவணை கிடைத்தது.

"வர்ற வெள்ளிக்கெழம கல்லு வந்துடும். அதுக்குள்ள ஒரு எலை கண்ணுல பட்டாலும் தோட்டம். இல்லனா கல்லு. அப்பறம் யாரும் எங்கிட்ட அழுதுகினு நிக்கக் கூடாது. முக்கியமா நீங்க."

முளைக்கீரை விதை வாங்கி வந்தேன். மகள் தூவினாள். மகன் தூவியதில் பாதி அவன் தலையிலேயே விழுந்தது. தண்ணீரும் தெளித்தாயிற்று. அதோடு நான் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

அன்று காலைதான் பாவுக்குக் கஞ்சி போட்டிருந்தோம். சேலையின் நீள இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்போம். இழை விறைப்பாக நிற்கும், அறுபடாது. அதில் அரை வாளி மீந்திருந்தது. நூலுக்கே இவ்வளவு தெம்பு கொடுக்கிற கஞ்சி கீரைக்கு எவ்வளவு கொடுக்கும்! அப்படியே பாத்தியில் கவிழ்த்தேன். பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து உள்ளங்கையால் வழவழவென்று தடவிக் கொடுத்தார்கள். அவ்வளவு அழகான பாத்தியைச் சேவூர் வரைக்கும் போனாலும் பார்க்க முடியாது.

இரண்டு நாள் வெயிலில் அது அப்பளமாகிவிட்டது. தட்டினால் டங்கென்றது. மகன் அதன்மேல் பொம்மைக் கார் ஓட்டினான். மகள் காதை வைத்துக் கேட்டு, "உள்ள பேசிகினு கீதுங்க நைனா," என்றாள். பக்கத்து வீட்டு நெசவாளி மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, ஜரிகை இன்னும் போடலியா?" என்றார். ஐந்தாம் நாள் எனக்கே பேஜாராகி, உடைத்துப் பார்க்கலாமென்று போனேன். "தூங்குதுங்க, எழுப்பாத!" என்று மகள் குறுக்கே நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தள்ளுவண்டியில் கல் வந்தது. கூடவே இரண்டு ஆட்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் கிணற்றுக்குள் பார்த்தேன். மகன் மட்டும், குளிக்க அவிழ்த்துவிட்ட கோலத்தில், அரைஞாண் கயிறோடு ஓடிப்போய்ப் பாத்தியின் நடுவில் சம்மணம் போட்டான்.

"எந்திரிடா," என்றாள் மனைவி.

"மாட்டேன்."

"ஜல்தி எந்திரி, ஆளுங்க நின்னுகினு கீறாங்க பாரு."

"மாட்டேன்."

ஆட்கள் பீடி பற்றவைத்தார்கள். கால் மணி நேரம் போனது. நடுவில் மகனுக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது. இடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் உட்கார்ந்தபடியே போனான். மனைவி பொறுமை இழந்து, அக்குளில் கைகொடுத்து அவனைத் தூக்கினாள்.

தட்டு அகலத்துக்குக் கஞ்சி அப்பளமும் அவன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்து வந்தது. கீழே வெளுத்துப் போய், கூன் விழுந்து, நூறு இருநூறு முளைகள். ஒவ்வொன்றின் தலையிலும் கூப்பிய கைபோல இரண்டு இலை.

"எலை! எம்மா, எலை!" மகள் குதித்த குதியில் வாளி உருண்டது.

"இந்தத் தெருவுல கீரைக்குக்கூட ஓடு போட்டுத்தான் வளப்பீங்களா?" என்றார் வண்டிக்காரர். மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் பிடி நழுவி, மகன் அப்பளத்தோடு என்மேல் வந்து விழுந்தான்.

"அப்ப கல்ல எங்க போடறதும்மா?" என்றார் வண்டிக்காரர்.

"அதோ, அவரு மொபெட் நிறுத்தற எடத்துல போடுங்க."

நான் மொபெட்டைத் தள்ளிக்கொண்டுபோய் மதிலோரம் நிறுத்திவிட்டு வந்தேன். மகள் ஈரத்துணி கொண்டுவந்து மிச்சப் பாத்தியின்மேல் விரித்துக்கொண்டிருந்தாள். உதவிக்குக் குனிந்தேன்.

"நைனா, நீ அப்பிடி தள்ளி நில்லு. ஒண்ணும் பண்ணாத."

தள்ளி நின்றேன்.