அகழிக்கரையில் கழற்றி வைத்த செருப்பு

ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகளிடம், வாவிக்கரை ஊரான களுவாஞ்சிக்குடியிலிருந்து போயிருந்தேன். அவள் இருப்பது பழைய கோட்டை உள்ள ஊர். கோட்டையைச் சுற்றி அகலமான அகழி, அதன் கரையோரம் மரநிழலில் நடைபாதை. நம் வாவிக்கரைக் காற்றேதான். தினமும் காலையில் நடந்தோம்.

ஒருநாள் மகள் தேநீர் வாங்கக் கடைக்குள் போக, நான் தனியே நடந்தேன். செடிகளுக்குப் பின்னால் சிறிய கோயிலொன்று தெரிந்தது. உடனே செருப்பைக் கழற்றினேன். யாருக்கும் இடைஞ்சல் வேண்டாமென்று தண்ணீரோரக் கல்லில் சோடியாக வைத்துவிட்டு, ஆறுதலாக நெடுநேரம் நின்று கும்பிட்டேன்.

திரும்பி வந்தால் கரையில் கூட்டம். ஒருவர் நீண்ட தடியால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார். என் செருப்பை நெஞ்சோடு அணைத்தபடி மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன மகள், என்ன நடந்த?"

"அம்மா! இஞ்ச தண்ணிக்கரையில செருப்பக் கழட்டி வச்சா, ஆள் குதிச்சிட்டு எண்டுதான் நினைப்பாங்க!"

"வாவியில நீந்தி வளந்தவள், இந்தத் தண்ணிக்கயா சாவன்?" என்றேன். அழுதபடியே சிரித்துவிட்டாள். தடிக்காரர் என் வெறுங்காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, குனிந்து வணங்கினார்.

பிறகு ஜப்பானில் இருந்த நாள் முழுக்கச் செருப்பைக் கையோடுதான் கொண்டு திரிந்தேன். ஊர் திரும்பிவிட்டேன். இங்கே வாவிக்கரையில் வலை வீச இறங்குபவர்களின் செருப்புகள் எப்போதும் கிடக்கும். முன்பு நான் அவற்றைத் திரும்பியும் பார்த்ததில்லை. இப்போது தண்ணீரில் ஒரு தலை தெரியும்வரை நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.