பிஸ்டனின் ஒரு பக்கம்

எங்கள் வீட்டு ஜன்னல் மேடையில் கரண்ட் பில்லும் கேஸ் ரசீதும் பறக்காமல் இருக்க ஒரு பிஸ்டன் உட்கார்ந்திருக்கிறது. டீ கிளாஸ் உயரம்கூட இருக்காது. ஒரு பக்கம் வழவழவென்று மின்னும். மறுபக்கம் பூனை பிறாண்டியதுபோல மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாது இது, ஸ்கூட்டர் சாமானா?" என்று கேட்பார்கள். மரம் அறுக்கிற மிஷினுடையது, என் மாமனாருடையது என்பேன். அதற்கு மேல் சொன்னதில்லை. சொல்வதற்கு, போன வருஷம்வரை எனக்கே முழுக்கதை தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. மூன்றாம் மாதமே கணவர் துபாய்க்குக் கிளம்பிவிட்டார். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். ஆக, புதுப்பட்டினத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டிய ஓட்டு வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். செய்யூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் தலைமுறையாகக் கூலிக்கு நின்ற குடும்பம் அவருடையது. அதைப் பிடிக்காமல் இளவயதிலேயே கப்பலேறி அந்தமானுக்கு மரம் வெட்டப் போனவர், இருபது வருஷம் அங்கே கிடந்து காதைக் கொடுத்துவிட்டு மிஷினை வாங்கிக்கொண்டு வந்தார். ஆமாம், காது சுத்தமாகக் கேட்காது. விரல்களும் மிஷினின் அதிர்வில் மரத்துப்போயிருந்தன. கொதிக்கிற காப்பி டம்ளரை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு சூடே தெரியாமல் நிற்பார். பார்க்கிற எனக்குத்தான் கை எரியும்.

காது கேளாதவரிடம் 'உப்பு போதுமா' என்று கேட்பதென்றால் தெருவுக்கே கேட்கும்படி கேட்க வேண்டும். புது மருமகளுக்கு அந்த வெட்கம் போதாதா? நான் கேட்பதையே விட்டுவிட்டேன். காலையில் அணுபுரத்திலிருந்து அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ் போகிற சத்தம், சாயங்காலம் அது திரும்புகிற சத்தம், நடுவில் குக்கர் விசில். வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு போனில் கணவர் மூன்று நிமிஷம் பேசுவார். எதிர்வீட்டுக் குடும்பமே சுற்றி நிற்க, 'சாப்டேன், நல்லாக்கீறேன்' என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? சில நாள் என் குரலை நானே கேட்டுப் பார்ப்பதற்காகக் காக்காயைத் திட்டியிருக்கிறேன்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் செய்யூரிலிருந்து சவுக்குத் தோப்பு மேஸ்திரி வந்தார். மூலையில் சாக்கு மூடிக் கிடந்த மிஷினைக் காலால் தட்டிக் காட்டி, கையை ஆட்டிக் கத்தினார்: "இத்த ஓட்டிக் காட்டு நைனா! ஓடுச்சுன்னா பொங்கல் கழிச்சு தோப்புல உனக்கு வேலை கீது!" மாமனார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அன்றுவரை நான் பார்க்காதது. மேஸ்திரி போனதும் என்னைப் பார்த்து, "புள்ள அனுப்புற சோத்த துன்னுகினு எத்தினி நாளும்மா குந்தியிருக்கறது?" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான்.

மறுநாளே மிஷினைப் பிரித்துவிட்டார். பத்து வருஷம் கிடந்த மிஷின். பெட்ரோல் பிசினாக உறைந்து, கார்புரேட்டர் அடைத்துப்போயிருந்தது. கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் வைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் என் இட்லித் தட்டு. குழிக்கு இரண்டு திருகு. அம்மா வீட்டில் கொடுத்த தட்டு! வயிற்றெரிச்சலில் என்னவோ கத்தினேன். அவருக்குத்தான் கேட்காதே, என் வாயைப் பார்த்துவிட்டு, "கலைச்சிடாதம்மா, அப்புறம் எது எங்கன்னு தெரியாது" என்றார். சிரித்துவிட்டேன். மீந்திருந்த எங்கள் கல்யாணப் பத்திரிகைகளையும் விடவில்லை. கெட்டி அட்டை, இரண்டு பாகங்களுக்கு நடுவில் கசியாமல் வைக்கிற கேஸ்கட்டுக்கு வாகாக இருக்கிறதாம். என் பெயருக்கு நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு எண்ணெயில் ஊறவைத்தார். அதற்கும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரிக்க ஆரம்பித்ததே அப்போதுதான்.

பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற பழைய ரிங் உடைந்திருந்தது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் கடைகளில் அலைந்து ஒரு மொபெட் ரிங்கை வாங்கிவந்து, நாள்கணக்கில் அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவந்தார். நான் மண்ணெண்ணெயில் சாமான்களைக் கழுவித் துடைத்தேன். கை ஜாடையிலேயே எங்களுக்குள் ஒரு பாஷை உண்டாயிற்று. வேலை செய்தபடி அவர் அந்தமான் மழையைப் பற்றி, அட்டைப்பூச்சியைப் பற்றி, மாமியார் எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசுவார். நான் தலையாட்டுவேன். சாமான் கழுவிய கையில் எத்தனை சோப்பு போட்டாலும் மண்ணெண்ணெய் வாடை போகாது. எனக்கு அது பிடித்திருந்தது.

எல்லாம் பூட்டியானதும் கடைசி வேலை ஒன்று பாக்கி. கார்புரேட்டரில் ஒரு சின்னத் திருகு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மிஷினின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நிறுத்த வேண்டும். அதற்குக் காது வேண்டும். என் காதைத் தொட்டுக் காட்டி, "இதான் இப்ப எனக்கும் காது. சரியான சத்தம் வந்ததும் கைய தூக்கு. நான் உன் கையத்தான் பாத்துகினு இருப்பேன்" என்றார். சரியான சத்தம் எது என்று அவர் சொல்லவில்லை. இருபது வருஷம் கேட்ட சத்தம், அதை யாருக்காவது விளக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. நானும் கேட்கவில்லை. என்னை நம்பி ஒருவர் ஒரு காரியத்தை ஒப்படைத்த பெருமை, கேட்க விடவில்லை.

கயிற்றை நாலு இழுப்பு இழுத்ததும் புகை கக்கிக்கொண்டு மிஷின் எழுந்தது. விசையை முழுக்க அழுத்தினார். முதலில் கரகரவென்று, தொண்டையில் சளி கட்டியவர் பேசுவதுபோலத் தடுமாறிய சத்தம். தலையை ஆட்டி மறுத்தேன். திருகை இறுக்கினார். மறுபடி மறுத்தேன். இன்னும் கொஞ்சம். சட்டென்று அந்தத் தடுமாற்றமெல்லாம் போய், புது மிக்ஸி ஓடுவதுபோல ஒரே சீராக, உச்சத்தில், அவ்வளவு இனிமையாக ஒரு சத்தம் வந்தது. கையைத் தூக்கினேன்.

அவர் சிரித்த சிரிப்பு! கொல்லையில் கிடந்த சவுக்குக் கட்டையில் மிஷினை வைத்தார். ஒரு துண்டு விழுந்தது, இரண்டு, மூன்று. நாலாவதில் பாதியில் மிஷின் கிறீச்சிட்டு நின்றது. கயிற்றை இழுத்தார், அசையவில்லை. இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிஷின் நின்ற அந்த நொடி எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மனுஷன் தோப்புக்குப் போகமாட்டார், வீட்டிலேயே இருப்பார் என்ற நிம்மதி. அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மறுநாள் தனியாக உட்கார்ந்து பிரித்தார். நான் போனபோது பிஸ்டனைக் கையில் வைத்துக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை ஒரு பார்வை. 'என்ன ஆச்சு?' என்று ஜாடை காட்டினேன். "ரிங்கு தப்பும்மா. மொபெட் ரிங்கு இதுக்கு ஆவாது. என் தப்புதான்" என்றார். சிலிண்டரும் கீறிவிட்டதால் இனி ஒன்றும் செய்வதற்கில்லையாம். மிச்சத்தைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, பிஸ்டனை மட்டும் என்னிடம் கொடுத்தார். "பேப்பர் பறக்காம வெச்சிக்கோ" என்றார்.

நான் ஆசைப்பட்டபடியே வீட்டில்தான் இருந்தார், கண்ணை மூடும்வரை, இன்னும் ஏழு வருஷம். ஆனால் அந்தமான் கதை திரும்ப வரவில்லை. தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு வைத்தால் சாப்பிடுவார். மொபெட் ரிங்கை நம்பி ஏமாந்த வருத்தம் என்றே நினைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே ஒருவர் இருந்தும் மறுபடி நான் காக்காயோடு பேச ஆரம்பித்தேன்.

போன வருஷம் அந்தத் தோப்பை மனை போட விற்றார்கள். மரம் அறுக்க ஒரு பையன் புது மிஷினோடு வந்தான். ஓட்டிப் பார்த்தான், அதே கரகர, அதே தடுமாற்றம். எனக்குப் பொறுக்கவில்லை. வேலி ஓரம் போய், "இன்னாப்பா, மிஷின் சரியில்லையா? நைசா ஓட வெய்யேன்" என்றேன். அவன் சிரித்தான். "அய்ய, இதான்க்கா கரெக்ட் சவுண்டு. நைசா கத்த வெச்சா பெட்ரோலும் ஆயிலும் பத்தாம சூடேறிப் பூடும். நாலு கட்டை தாங்காது. பிஸ்டன் ஒரு பக்கமா கீறிக்கினு அப்டியே புட்ச்சிக்கும்."

வீட்டுக்குள் வந்து பிஸ்டனை எடுத்தேன். ஒரு பக்கம்தான் கீறல். இத்தனை வருஷமாகத் தினமும் தூசி தட்டுகிறேன், ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு! மாமனார் அன்றைக்கே அந்தக் கீறலைப் படித்துவிட்டார். படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, 'ரிங்கு தப்பு' என்று சொல்லியிருக்கிறார். ரிங்கில் ஒரு தப்பும் இல்லை மாமா. கையைத் தூக்கியது நான். என்னைத் திட்டியிருக்கலாம். தெருவே கேட்கத் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

துபாயை முடித்துக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த இரும்ப இன்னும் வெச்சிகினு கீறியா நீ?" என்றார். ரசீதுகளின் மேல் அதைப் பழையபடி வைத்தேன், கீறல் பக்கம் என்னைப் பார்க்கும்படி. வெளியே மிஷின் மறுபடி எழுந்தது. கரகரவென்று, தடுமாறி, சரியான சத்தம். ஜன்னலோரம் நின்றபடியே கையைத் தூக்கினேன். என் கையைப் பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை.