பதினாலாம் நம்பர் ரத்தம்

எட்டாம் வகுப்பில் தோற்ற பிறகு லாரி கிளீனர், பரோட்டாக் கடை, மாமல்லபுரத்தில் சிலைக்கு மெருகு போடுகிற வேலை என்று எதிலும் ஆறு மாதம் நின்றதில்லை. ஆராய்ச்சி செய்கிற ஒரு மேடத்தின் ஜீப்பை மட்டும் நான்கு வருடம் ஓட்டினேன். தொண்ணூறுகளின் கடைசி அது.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் உள்ள வீடுகளைத் தேடிப் போய் ரத்தம் எடுப்போம். அந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பத்து, பன்னிரண்டு வயதில் கண்ணும் மங்கும். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கவாட்டில் தெரியாது. கடைசியில் ஊதுகுழல் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம் மிஞ்சும். காதையும் கண்ணையும் கெடுக்கிற அந்த ஒரு மரபணுவைத் தேடுவதிலேயே மேடத்தின் வயது போய்க்கொண்டிருந்தது.

வண்டி ஓட்டுவதோடு ஐஸ் பெட்டி தூக்குவதும் குடும்பப் படம் போடுவதும் என் வேலையாயின. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். காது கேளாவிட்டால் இடது பாதியில் கறுப்பு, கண்ணும் கெட்டால் வலது பாதியிலும். சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. நாங்கள் போன வீடுகளில் ஒற்றைக் கோடு அபூர்வம்.

எல்லா வீட்டிலும் மேடம் முதலில் கேட்பது, "பாப்பா எத்தன வயசுல நடந்தது?" கண்ணும் கெடப்போகிற பிள்ளைகள் பெரும்பாலும் தாமதமாகத்தான் நடக்குமாம். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

என் அக்காவை எங்கள் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய சின்ன மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டரை வயதில்தான் நடந்தாள். அவளுக்குப் பேச்சு என்பது கையும் கண்ணும்தான். கண்ணும் போனால் யார் என்ன சொல்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ஒரு சாயங்காலம், திருக்கழுக்குன்றத்தில் அக்கா வீட்டுக்குள் ஓடி வந்தவள் நடுவில் இருந்த குடத்தில் மோதி விழுந்தாள்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று அக்கா திட்டினாள். நான் தண்ணீரைத் துடைத்தேன்.

ஊரெல்லாம் "பயப்படாதீங்க, ரத்தம் குடுங்க" என்று கேட்ட நான் என் வீட்டை மறைத்தேன். அக்காவின் மூத்த மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. விஷயம் வெளியே போனால் யாரும் படியேற மாட்டார்கள்.

அந்த மாதம் கடலோரக் குப்பத்தில் ஒரு வீட்டில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தோம். "எங்க ரத்தத்துல இன்னா மீனு புடிக்கப் போற, அண்ணாத்த?" என்று அந்த வீட்டு அம்மா என்னைக் கிண்டல் செய்தாள். காது கேளாத அவள் மகள் மட்டும் ஊசியைப் பார்த்துச் சவுக்குத் தோப்புக்குள் ஓடிவிட்டாள். "அடுத்த வாரம் நீயே போய் அங்க நர்சம்மாவ விட்டு எடுத்துட்டு வா" என்று மேடம் பதினாலாம் நம்பர் ஒட்டிய குழாயைக் கொடுத்தார்.

நான் குப்பத்துக்குப் போகவில்லை. சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும் என அக்காவிடம் பொய் சொல்லி, எனக்குத் தெரிந்த ரத்தப் பரிசோதனைக் கடையில் அக்காவின் சின்ன மகளுடைய ரத்தத்தை அந்தக் குழாயில் எடுத்து மேடத்திடம் கொடுத்தேன். முடிவு வந்தால் கண்ணும் கெடுமா என்று மேடம் வாயாலேயே தெரிந்துவிடும், எங்கள் வீட்டுப் பேர் வராது என்று நினைத்தேன்.

மூன்று மாதம் மேடம் வாயைத் திறக்கும்போதெல்லாம் பதினாலாம் நம்பரைத்தான் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் மாமல்லபுரம் தாண்டி அதே குப்பத்துக்குப் போகிற வழியில், ஜீப்பில் காகிதங்களைப் புரட்டியபடி சொன்னார்: "இந்தப் பதினாலு அப்பாவோடயும் சேரல, அம்மாவோடயும் சேரல. தத்து எடுத்த பொண்ணான்னு அந்த அம்மாகிட்டயே கேட்டுடலாம்."

பெற்றவர்கள் யார் என்பதையும் ரத்தம் காட்டிக்கொடுக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. குப்பத்தில் ரகசியமாகப் பேச முடியாது. பத்துப் பேர் கூடிவிடுவார்கள். அத்தனை பேர் நடுவே, இது நீ பெற்ற பிள்ளையா என்று அவளைக் கேட்பார்கள். வண்டியை ஓரம் கட்டினேன்.

"மேடம், அது எங்க அக்கா பொண்ணு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மூணு மாச வேல," என்றார். காகிதங்களை மூடி வைத்துவிட்டு, "எத்தன வயசுல நடந்தா?"

"ரெண்டரை."

"இருட்டுல?"

"மோதிக்கிறா."

குடும்பப் படம் போடுகிற அட்டையை என் மடியில் வைத்தார். "போடு."

அக்காவுக்கும் மாமனுக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டேன். கீழே ஒரு வட்டம். இடது பாதியைக் கறுப்பாக்கினேன். வலது பாதியில் பேனாவை வைக்காமல் நிறுத்தினேன்.

"அத நீ போடாத. மொதல்ல பாக்கணும். கண்ணு இருக்கறப்பவே கையத் தொட்டுப் பேசப் பழக்கலாம். வண்டியத் திருப்பு."

அக்கா வீட்டை அடைந்தபோது வெயில் நன்றாகவே இருந்தது. சின்னவள் ஓடி வந்து மேடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்திலிருந்து கையை நீட்டி அசைத்தேன். அவள் திரும்பவில்லை. கன்னத்தருகே கொண்டுபோயும் அசைத்தேன். மேடம் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"யார்டா இவங்க? இன்னா பெட்டி அது?" என்றாள் அக்கா.

முதலில் அவளை உட்காரச் சொன்னேன்.