நைட் ஷிப்ட் முடிந்து இருபது நிமிடம்

அந்த ஆளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. செல்போன் திரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பின்னால் புல்வெளி, அதற்கும் பின்னால் ஒரு மாடி வீடு. இருபத்தொரு நாளில் தொப்பை காலி என்று தலைப்பு. இருபது நிமிட வீடியோவில் ஆறு நிமிடம் அவன் பேச்சுதான். அவன் வாழ்க்கை எப்படி மாறியது, நாம் ஏன் பெல் பட்டனை அழுத்த வேண்டும் என்று அளந்துகொண்டே போவான். நான் பனியனோடு கையைக் காலை உதறிக்கொண்டு ஹாலில் நிற்பேன். அவன் முடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

பிடிக்காமலும் அவனிடம் போனதற்குக் காரணம் இருந்தது. சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய சக்கர இயந்திரத்தை ஓட்டியவன் நான். பதினெட்டு வருடம் அதன் கேபினில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த வருட மெடிக்கல் செக்கப்பில் எடை கூடியிருந்தது, பிரஷரும் ஏறியிருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மூணு மாசம் டைம் தரேன். பிரஷர் குறையலைன்னா உங்கள மெஷின்ல ஏத்த மாட்டாங்க. மேல ஜெனரல் ஷிப்ட்தான்" என்றார். மேலே என்றால் ஏதாவது ஆபீசில் ஒரு மேசை. அப்படி மேலே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பேனாவை மூடித் திறந்துகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எனக்கு என் கேபின் வேண்டும். வேறு எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வாக்கிங் போகலாம்தான். ஆனால் எங்கள் பிளாக்கில் வாக்கிங் போனால் நாலு வீட்டுக்கு ஒருவர் நிறுத்தி, "என்ன, சுகரா?" என்று விசாரிப்பார். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ.

"எந்தப் பொருளும் வேண்டாம், நீங்க மட்டும் போதும்" என்று தொடங்குவான். மூன்றாவது நிமிடத்தில் மேட் கேட்பான், எட்டாவது நிமிடத்தில் டம்பெல். இல்லாதவர்கள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளலாமாம், என்ன பெருந்தன்மை! குப்புறப் படுக்க வைத்துவிட்டு "இப்ப என்னைப் பாருங்க" என்பான். எங்கிருந்து பார்ப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம் சிமெண்ட் தரையும் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒற்றைச் செருப்பும்தான். "கடைசிப் பத்து" என்று பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பிப்பான். நாலு பாக்கி இருக்கும்போது எண்ணுவதை விட்டுவிட்டுத் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவான். என் தொடை வெடவெடவென்று நடுங்கும். பேசி முடித்துவிட்டு மறுபடி எட்டிலிருந்து வருவான். சுரங்கத்தில் எவனாவது இப்படி எண்ணியிருந்தால் செவிளில் ஒன்று விட்டிருப்பேன். அவனுக்குப் பின்னால் ஒரு பெண்ணும் அதையே செய்துகொண்டிருப்பாள். புதிதாகச் சேர்ந்தவள் என்று அறிமுகம் செய்தான். கடைசிவரை அவளுக்கு ஒரு சொட்டு வேர்க்கவில்லை. பச்சைப் பொய்.

என் மனைவி குறிஞ்சிப்பாடிக்காரி. சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

"அவன் பேசிக்கினே இருக்கான், நீங்க மூச்சு வாங்கிக்கினே இருக்கீங்க. ரெண்டு பேருல யாருங்க இளைக்கப் போறது?"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் போட்ட சட்டம்தான் என்னைக் கவிழ்த்தது. தினமும் காலை, வெறும் வயிறு. ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதல் நாள். எங்களுக்குக் காலை என்பது வாரத்துக்கு ஒரு மாதிரி. செகண்ட் ஷிப்ட் வாரத்தில் சரியாக வரும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் ஊர் எழுந்திருக்கும்போது நான் கேபினில் இருப்பேன். நைட் ஷிப்ட் வாரத்தில் ஊருக்குப் பொழுது விடியும்போதுதான் எனக்குப் பொழுது முடியும். ஒன்றரை மாதத்தில் நான் ஒரு தடவைகூட எட்டாம் நாளைப் பார்க்கவில்லை.

வீடியோவுக்குக் கீழே எழுதிக் கேட்டேன்: "சார், ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் எப்போது செய்வது?" இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மடக்கிய கை பொம்மை இரண்டு, பக்கத்தில் ஒரு வரி: "எக்ஸ்க்யூஸ் சொல்லாதீங்க ப்ரோ, காலைன்னா காலைதான்!"

எக்ஸ்க்யூஸாம்! மழையிலும் புழுதியிலும் பதினெட்டு வருடம் மண் வெட்டியவனைப் பார்த்து, வேலை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பயல் சொல்கிறான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். இவ்வளவு வயசாகியும் அந்த ஒரு வரிக்கு ஆடினேனே என்று இன்றைக்கும் என்மேல் ஆத்திரம்தான்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் மூன்றரைக்கு அலாரம் வைத்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் படுக்காமல் நேரே ஹாலுக்குப் போய்க் குதித்தேன். குதித்த உடம்பில் தூக்கம் வருமா? பகல் பன்னிரண்டு வரை புரண்டுகொண்டிருப்பேன்.

எங்கள் வீடு மாடியில். கீழ் வீட்டுக்காரர் என்னைவிட மூத்தவர், எங்கள் ஷிப்ட்தான். வாசலில் மண் ஒட்டிய பூட்ஸ் கிடந்தால் உள்ளே நைட் ஷிப்ட் ஆள் தூங்குகிறார் என்று எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாசலில் பைக்கை முறுக்க மாட்டார்கள், பிள்ளைகள்கூடப் பந்தை வேறு பக்கம் கொண்டுபோய்விடும். நான் அந்த பூட்ஸைத் தாண்டித்தான் தினமும் படியேறினேன். நாலாம் நாள் அவர் கைலியோடு மேலே வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, நானும் உங்க பஸ்லதானே வந்து எறங்குறேன்? பூட்ஸ பாத்துட்டுத்தானே மேல வந்தீங்க?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அது சரி, நீங்க எப்ப தூங்குறீங்க?"

கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாளிலிருந்து ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு, குதிப்பதற்குப் பதில் சத்தமில்லாமல் உட்கார்ந்து எழுந்தேன். இருபத்தொரு நாளையும் முடித்தேன். அதற்குப் பிறகும் விடவில்லை. ஐந்து கிலோ இறங்கியிருந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. கெடு முடிந்த அன்றும் நைட் ஷிப்ட் முடித்து, இருபது நிமிடமும் செய்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

எடையைப் பார்த்து டாக்டரம்மா முகம் மலர்ந்தது. பிரஷர் பார்த்தார். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். அடுத்த கையிலும் பார்த்தார். போன தடவையைவிட ஏறியிருந்தது.

"நைட் ஷிப்ட் முடிச்சா எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?"

"ரெண்டு மணி நேரம் மேடம். சில நாள் அதுவும் இல்ல."

விவரம் முழுவதும் கேட்டுக்கொண்டார். வீடியோவில் சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"எடையோட சேத்து தூக்கத்தையும் குறைச்சிட்டீங்களே" என்றார். "தூங்காத ஆள அவ்வளவு பெரிய மெஷின்ல ஏத்தச் சொல்லி நான் எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்?"

அவர்மேல் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். அந்த வீடியோக்காரன் மட்டும் அடுத்த வாரமே கைச் சதையைக் குறைக்க ஒரு வீடியோ போட்டான். அதிலும் அதே பல், அதே புல்வெளி.

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ஜெனரல் ஷிப்ட். எட்டரைக்குப் போனால் போதும். ஆனால் நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. பல்லைத் துலக்கிவிட்டுப் பால்கனியில் நின்றேன். அந்த வாரம் எங்கள் ஆட்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். பஸ் வழக்கம்போல எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. கீழ் வீட்டுக்காரர் ஏறிக்கொண்டார். நான் மாறியதை அவருக்கும் டிரைவருக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே மேலே பார்த்தார்கள். வரவில்லை, போங்கள் என்று கையை ஆட்டினேன். உடம்பு சரியில்லையா என்று டிரைவர் சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.