கடைசி ரீல் கொலைகாரன்

எங்கள் பெரியப்பா, அதாவது அப்பாவுக்கு நேர் மூத்தவர், கல்யாணம் பண்ணிக்கொண்டதே ஒரு கொலைகாரனை வைத்துத்தான். படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் வந்த மர்மப் படம் அது. மாளிகை முதலாளியை யாரோ கொன்றுவிடுவார்கள். யார் என்பது கடைசி ரீலில்தான் தெரியும். பெரியப்பா அந்தப் படத்துக்குக் கொட்டகையில் ஒன்பது வாரம் ரீல் சுற்றியவர். பெண் பார்க்கப் போனது கொட்டகையே இல்லாத ஊர்; அங்கே மாப்பிள்ளையின் கோணல் மூக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கொலைகாரன் யார் என்றுதான் கேட்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்கிறேன் என்றார். பெரியம்மா கழுத்தை நீட்டிவிட்டாள்.

அப்புறம் கேட்டால் தொழில் ரகசியம் என்பார். ஐம்பத்தோரு வருஷம் அதையே சொன்னார். இதற்குள் நாலு பிள்ளை பிறந்து, மூத்தவள் மருமகளே எடுத்துவிட்டாள்.

ஒருநாள் பழைய படங்களைப் பற்றிப் புத்தகம் போடும் ஒரு சங்கத்திலிருந்து ஓர் அம்மாள் டேப் ரெக்கார்டரோடு வந்தார். அந்தப் படத்தின் பிரதிகள் எல்லாம் எரிந்துபோய்விட்டனவாம். முடிவு நினைவிருக்கிற ஆள் வேறு யாரும் கிடைக்கவில்லையாம். பெரியப்பா சொன்னால் பெயரோடு புத்தகத்தில் போடுவார்களாம். பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரிலேயே உட்கார்ந்தாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சமையல்காரன்."

"அவன் ரெண்டாவது ரீல்லயே செத்துட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் பெரியம்மா.

குட்டு உடைந்தது. கடைசி ரீல் ஓடும்போது, அடுத்த காட்சிக்காக முதல் ரீலைத் திருப்பிச் சுற்றியாக வேண்டும். அதுதான் அவர் வேலை. அதுவும் பக்கத்து அறையில். ஒரு தடவைகூட முடிவைப் பார்த்ததில்லை. கொட்டகைக்காரன் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதா, பார்த்தவனிடம் போய்க் கேட்பதா என்ற ரோஷம் வேறு.

"பேச்சு ஒண்ணும் புரியாது. ஒரு நாற்காலி விழும். ஒரு பொம்பளை சிரிப்பா. உடனே ஜனமெல்லாம் 'அடப்பாவி, நீயா'ன்னு கத்தும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்மா."

வந்த அம்மாள் அதையும் பயபக்தியோடு பதிந்துகொண்டு போனார்.

மூன்றாம் நாள் பெரியம்மா டீயை ணங்கென்று வைத்தாள்.

"நீங்க சொன்ன பாதிக் கதையை வச்சே யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"யாருடி?"

"தொழில் ரகசியம்."

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். அவர் கெஞ்சாத நாளில்லை. அவள் மசியவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது என்னைக் கிட்டே இழுத்து, காதோடு காதாகக் கேட்டார்:

"உங்க பெரியம்மா உன்கிட்டயாவது சொன்னாளாடா?"