மோசேயின் அலுப்பும் எங்கள் ஊரிகம் சபையும்

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு அடக்க ஆராதனையில் ஜெபிக்க வாய் திறந்தேன். வார்த்தை வரவில்லை. குழியிலிருந்து வெட்டிப் போட்ட மண்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தகப்பனைப் பறிகொடுத்த மகனை நான் தேற்ற வேண்டிய நேரம். அவரோ என்னைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் தங்கச் சுரங்கம் மூடிப்போன தங்கவயலில், ஊரிகத்தில், ஒரு சிறிய சபையின் போதகர். எங்கள் ஜனங்களில் உழைக்கிற வயதுள்ளவர்கள் விடியுமுன் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போய், இருட்டின பிறகு திரும்புகிறவர்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பகலில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும், சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர்களும்தான். யாருக்காவது மூச்சு முட்டினால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட நான். குழாயடிச் சண்டையை விலக்க நான். பிரசங்கம், அடக்கம், ஞாயிறு பள்ளி எல்லாம் நான். வேறு யார் இருந்தார்கள்? பல வருடம் இப்படியே ஓடிற்று.

இருதயம் பலவீனமாயிருக்கிறது, மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து படுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், சபையே வேண்டாம் என்றிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பயந்தேன்.

ஒருநாள் எண்ணாகமம் பதினோராம் அதிகாரம் கண்ணில் பட்டது. வனாந்தரத்தில் ஜனங்கள் இறைச்சி கேட்டு அழுகிறார்கள். மோசே பொறுக்கமாட்டாமல் ஆண்டவரிடம் கேட்கிறார்: இவர்களை நானா பெற்றேன்? என்னால் தனியாகச் சுமக்க முடியாது, இதற்கு என்னைக் கொன்றே போடும். அதையே என் ஜெபமாக்கினேன். ஆண்டவரே, எனக்கும் முடியவில்லை. ஆளை அனுப்பும், இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

என் மனைவி மெர்சி அருகில் இருந்தாள்.

"மோசே அழுததோட நிறுத்திட்டீங்களே. ஆண்டவர் இன்னா பதில் சொன்னாரு, அத்தயும் படிங்க" என்றாள்.

படித்தேன். ஆண்டவர் மோசேயைத் திட்டவில்லை. மூப்பரில் எழுபது பேரைக் கூட்டு, உன்மேல் இருக்கிற ஆவியில் அவர்களுக்கும் தருவேன், உன்னோடு அவர்களும் சுமப்பார்கள் என்கிறார். எனக்கு எங்கே எழுபது பேர்? புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் துணி தைக்கிற ஃபேக்டரியில் வேலை செய்கிறவர். கூடவே ரயிலில் போகிற நாலைந்து பேரும் வந்திருந்தார்கள்.

"பாஸ்டர், தெனமும் ஒரே பெட்டியிலதான் தூங்கிக்கினு போறோம். இந்த வாரம் உங்களுக்காக ஜெபம் பண்றப்போ எங்களுக்கே வெக்கமா ஆயிடுச்சி. இனிமே அவங்கவங்க லைனை அவங்கவங்க பாத்துக்கறோம். நீங்க படுங்க."

என் ஜெபத்தை யாரிடமும் நான் சொல்லவில்லை. மெர்சியைப் பார்த்தேன். தானும் சொல்லவில்லை என்று தலையசைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன்.

யாருக்கு என்றைக்கு லீவு, யாருக்கு நைட் ஷிஃப்ட் என்று பார்த்துப் பகலுக்கு முறை வைத்தார்கள். எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. ஒரு சகோதரர் பிரசங்கித்த நீளத்தில் பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போயிற்று. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம், சுரங்கத்தில் வேலை செய்த ஏசுதாஸ் அண்ணனுக்கு மூச்சு அடைத்துவிட்டது. அதே லைனில் இருக்கும் ஆட்டோக்காரர் ராஜா அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறார். அங்கே தலைமேல் கைவைத்து எல்லாரும் கேட்கச் சத்தமாய் ஜெபித்திருக்கிறார். அண்ணன் பிழைத்தார். எனக்குச் சாயந்திரம்தான் தெரியும்.

சபை மூப்பர் சாமுவேல் அண்ணன் வந்து வருத்தப்பட்டார். "சபைக்கே ஒழுங்கா வராதவன் பாஸ்டர். அவன் கைய வச்சி ஜெபம் பண்றதா? நீங்க கூப்ட்டு சொல்லணும்."

அதே அதிகாரம் நினைவுக்கு வந்தது. எழுபது பேரும் கூடின கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே தங்கியிருந்த எல்தாத், மேதாத் என்ற இருவர் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். தடுக்கச் சொல்கிறான் மோசேயின் ஊழியக்காரன் யோசுவா. ஜனங்கள் எல்லாருமே அப்படி ஆனால் நல்லது என்கிறார் களைத்துப்போன மோசே.

"பண்ணட்டும் அண்ணா" என்றேன். "நம்ம ஜனம் பூராவும் அப்பிடி பண்ணா எவ்ளோ நல்லா இருக்கும்."

மறுவாரம் சாமுவேல் அண்ணன் ராஜாவின் ஆட்டோவிலேயே ஏறி வியாதியஸ்தரைப் பார்க்கப் போனார்.

என் உடம்பு பழையபடி ஆகவில்லை. கொஞ்சம் நடந்தாலும் மூச்சு வாங்குகிறது. அலுப்பும் முழுதாய்ப் போகவில்லை. போன ஞாயிறு ஸ்டெல்லா வசனம் பேசினார். நான் ஜனங்களோடு உட்கார்ந்து கேட்டேன். எனக்கு ஒருவர் பிரசங்கித்து எத்தனை வருடம் ஆகிறது!

சபையைச் சுமக்கிற அன்பானவர்களே, முடியவில்லை என்றால் அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் மோசேயைக் கடிந்துகொள்ளவில்லை, என்னையும் கடிந்துகொள்ளவில்லை. ஆள் தருவார். நீங்கள் நினைத்திராத ஆளாக இருக்கும். வந்து நிற்கும்போது இடம் விடுங்கள். என் பாரத்தைப் பகிர்ந்து கொடுத்த தேவனுக்கு நன்றி.