சின்ன அளவில் ஒரு நீலச் சட்டை

நியூசிலாந்தில், பிளாட் புஷ்ஷில் வாங்கிய வீட்டுக்கு மாறுவதற்காக மவுண்ட் ரோஸ்கில் வாடகை வீட்டின் அலுமாரியை ஒதுக்கியபோது, குளிர்காலப் போர்வைகளுக்கு அடியிலிருந்து அந்தச் சட்டை வெளியே வந்தது. இலங்கைக் கிரிக்கெட் அணியின் நீலச் சட்டை. மார்பில் வாளேந்திய சிங்கம். நாலாக மடித்து வைத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. நான் அதை ஒருநாளும் போட்டதில்லை. போடாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று என் வயிறு. மற்றதைச் சொல்வதென்றால் முதலில் கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கேப்டன் ஆப்கானியர். குளியலறைகளுக்கும் குசினிகளுக்கும் டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், கிடைத்தவர்களையெல்லாம் கூட்டிக் கிரிக்கெட் ஆடுவார். யாரும் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. துடுப்பும் விக்கெட்டும் அவர் டைல்ஸ் ஏற்றுகிற வானுக்குள் இருந்தன, அவ்வளவுதான். முழங்காலில் நின்றே வேலை செய்து மூட்டுகள் தேய்ந்துபோனதால் ஓடி வந்து பந்து வீச மாட்டார். நின்ற இடத்திலேயே தோளைச் சுழற்றுவார். பந்து எங்களை ஏமாற்றிவிட்டு ஸ்டம்பைத் தேடிப் போகும். பிடியைத் தவறவிட்டவரைப் பூங்கா முழுக்கக் கேட்கத் திட்டுவார். ஆட்டம் முடிந்ததும் அதே ஆளுக்குத்தான் முதல் தேநீர் ஊற்றுவார்.

முதல் நாள், எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றேன். மனிதர் என் கையைப் பிடித்தவர் விடவில்லை. நாங்கள் கதைத்தது இரண்டு பக்கமும் அரைகுறையான ஆங்கிலம். அவர் சொன்னதை என் தமிழில்தான் எழுத முடியும். "உங்கட ஆக்கள் உலகக் கோப்பை எடுத்த அண்டைக்கு நான் பெஷாவரிலை, அகதி முகாமிலை. கடை வாசல்லை நிண்டு ரி.வி. பாத்தனாங்கள். சின்ன நாடு வெல்லலாம் எண்டு அண்டைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது" என்றார். நானும் அதே மாலையில் ஒரு கூடாரத்தில்தான் இருந்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு வெளிக்கிட்டு, வன்னியில் தறப்பாளுக்குக் கீழே, யாரோ சைக்கிள் டைனமோவைச் சுற்றி இயக்கிய ரேடியோவில் அந்த ஆட்டத்தைக் கேட்டேன். எங்களைத் துரத்தியவர்களின் நாடு வென்றது. கேட்டுக்கொண்டிருந்த பெடியன்கள் சிலர் கைதட்டினார்கள், சிலர் எழுந்து போனார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. இதையெல்லாம் பூங்காவில் நின்று எப்படி விளக்குவது? "ஓம், நல்ல ரீம்" என்று சொல்லிவிட்டுப் பந்தைப் பொறுக்கப் போனேன்.

அவருக்குத் தன் நாட்டு வீரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும். முகாமில் கல்லும் புழுதியுமான வெளியில் டெனிஸ் பந்துக்கு மின்சாரக்காரர்களின் ஒட்டு நாடாவைச் சுற்றி விளையாடியவர்கள் அவர்கள். பலகையைச் செதுக்கித் துடுப்பாக்கியவர்கள். உலகக் கிரிக்கெட்டின் ஐந்தாம் பிரிவில், பெயரே கேள்விப்படாத அணிகளோடு மோதத் தொடங்கி, ஒவ்வொரு பிரிவாக ஏறி, சில வருடங்களுக்குள் உலகக் கோப்பைக்கே வந்துவிட்டார்கள். கேப்டன் அவர்களை விருந்துக்கு வந்துபோன சொந்தக்காரர்களைப் போலவே விவரிப்பார். இவன் வேகமாக வீசுவான், ஆனால் கோபம் வந்தால் குறி தவறும். அவன் ஆறு ஓட்டம் அடிப்பதற்கென்றே பிறந்தவன், ஒற்றை ஓட்டம் எடுக்கச் சொன்னால் அழுவான். சிலரோடு தானும் முகாமில் ஆடியதாகச் சொல்வார். நம்பலாமா என்று நான் கேலி செய்தால், "என்ரை பந்தைப் பாத்தும் நம்ப மாட்டியோ?" என்பார்.

அந்த உலகக் கோப்பை நியூசிலாந்துக்கே வந்தது. ஆப்கானிஸ்தானும் இலங்கையும் டனீடினில் மோதின. ஞாயிற்றுக்கிழமை. கேப்டன் என்னையும் மனைவியையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். நாங்கள் போனபோது ஹோல் நிறைய ஆப்கானியர்கள், நிலத்தில் விரித்த துணியில் மலைபோலப் புலாவ். சப்பாத்தைக் கழற்றி நிமிர்வதற்குள் கேப்டன் இந்த நீலச் சட்டையை என் கையில் வைத்தார். "இண்டைக்கு நீ விருந்தாளி. உன்ரை ரீமின்ரை சட்டையோடைதான் இருக்கோணும். போடு!" எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் வழக்கத்தில் விருந்தாளிக்குக் கொடுத்த உடுப்பை அங்கேயே, எல்லோர் முன்னும் அணிய வேண்டும். எதிரணி ஆதரவாளனுக்கு இவ்வளவு மரியாதை யார் செய்வார்கள்?

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சட்டையில் இருந்த சிங்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி யுத்தத்தில், முள்ளிவாய்க்காலில், அவளுடைய தம்பி சனத்தோடு சனமாக இராணுவத்தின் பக்கம் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அந்தச் சிங்கம் பொறித்த கொடியின் கீழ்தான் அவனைக் கொண்டுபோனார்கள். சட்டையைப் போட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? போடாவிட்டால் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிற இந்த மனிதரை அவருடைய ஆட்கள் முன்னால் அவமானப்படுத்துவேன்.

அவள்தான் காப்பாற்றினாள். சட்டையை விரித்து என் முதுகில் அளவு வைத்துப் பார்த்து, "கேப்டன், இது சின்னச் சைஸ். இந்த வண்டிக்குக் காணாது" என்று என் வயிற்றைத் தட்டினாள். வீடே சிரித்தது. கேப்டன் தலையில் கைவைத்தார். டைல்ஸை மில்லிமீற்றர் பிசகாமல் வெட்டுகிற மனிதர், சிநேகிதனின் உடம்பை இளம்பெடியனின் உடம்பென்று நினைத்துவிட்டார். சட்டை மடிந்து அவள் மடிக்கு வந்தது.

ஆப்கானியர்கள் ஆடி முடித்து, இலங்கை ஆட வந்தது. தொடக்க ஆட்டக்காரர் இருவரும் ஓட்டமே எடுக்காமல் வெளியேறினார்கள். கொஞ்ச நேரத்துக்குள் மொத்தம் நான்கு பேர் போய்விட்டார்கள். அறை அதிர்ந்தது. கேப்டன் முழங்கால் வலியை மறந்து குதித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கூடத்தான் கைதட்டினேன். ஆனால் பக்கத்தில் மனைவி சாப்பாட்டுக் கையைக் காயவிட்டு, தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரிக்கெட் என்றால் எழும்பிப் போகிறவள் அவள். அப்போது ஆடிக்கொண்டிருந்த நிதானமான ஆட்டக்காரரைக் காட்டி மெதுவாகச் சொன்னாள். "தம்பியின்ரை பள்ளிக்கூடக் கொப்பி உறை முழுக்க இந்தாளின்ரை படம்தான். இவர் அவுட்டாகினா அவன் சாப்பிடமாட்டான்."

அந்த ஆட்டக்காரர் அன்று லேசில் அவுட்டாக மறுத்தார். அவர் நூறு அடித்தபோது அவள் கண்களிலிருந்து நீர் வழிந்து சட்டையில் விழுந்தது. கேப்டன் அதைக் கண்டுவிட்டார். தன் அணி தோற்றுக்கொண்டிருப்பதைக்கூட விட்டுவிட்டு என்னைக் குசினிக்குக் கூட்டிப் போய், என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். தறப்பாள், ரேடியோ, தம்பி, சிங்கம், எல்லாவற்றையும் சொன்னேன். ஹோலிலிருந்து ஒரே முனகல் கேட்டது. இலங்கை வென்றிருக்க வேண்டும். கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ரை வயசுக்குள்ளை எங்கட கொடி எத்தினை தரம் மாறிப்போச்சு தெரியுமோ? சில கொடியளைக் கண்டா இப்பவும் எனக்கு நெஞ்சடைக்கும். நான் கொடியைப் பாக்கிறதில்லை, பெடியளைத்தான் பாக்கிறன்" என்றார். பிறகு ஹோலுக்குப் போய் என் மனைவிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, "சிஸ்டர், தெரியாமல் செய்திட்டன். அதைத் தாங்கோ, நான் எடுத்திடுறன்" என்று கையை நீட்டினார். அவள் யோசித்தாள். பிறகு சட்டையை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். "தந்ததைத் திருப்பி வாங்கக்கூடாது கேப்டன்."

சில வருடங்களில் கேப்டன் வேலை தேடி பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். முகாம் காலத்துக்குப் பிறகு வந்த ஆப்கான் பெடியன்கள் இப்போது உலகம் முழுக்க லீக் ஆட்டங்களில் சுழற்பந்து வீசிப் பேரெடுக்கிறார்கள். ஆசியக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் இலங்கையை வென்ற மறுநாள் கேப்டன் தொலைபேசி எடுத்தார். என்னிடம் ஆர்ப்பரிப்பார் என்று பார்த்தால், "சிஸ்டரிட்டைக் குடு" என்றார். கவலையா என்று கேட்டிருக்கிறார். "பெடியள் நல்லா விளையாடினவங்கள், ரெண்டு பக்கமும்" என்றாள் இவள்.

இப்போது அந்தச் சட்டை என் கையில் இருந்தது. பழைய உடுப்புகளைத் தானம் கொடுக்கிற பை பக்கத்தில் திறந்து கிடந்தது. இதைப் பைக்குள் போடவா என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் பறித்துக்கொண்டாள். உதறி, தோள்கள் இரண்டையும் பிடித்துத் தனக்கு முன்னால் தூக்கிப் பார்த்தாள்.

"இது தம்பிக்கு அளவு" என்றாள்.

புது வீட்டில் எங்களுக்குத் தேவைக்கு மேல் ஓர் அறை இருக்கிறது. அந்த அறை அலுமாரியில் அவள் முதலில் மாட்டியது அதைத்தான்.